கரையில் கட்டிய வேட்டி

செல்வாம்பாள் அப்பாவின் காலைப் பிடித்துத் தூக்கினாள். முழங்கால் மடங்கவில்லை.

அழுக்குத் துணியை உருவி எடுத்துவிட்டு வேறு துணி போடுவதற்காக அவள் தினமும் காலையில் தூக்குகிற கால்தான் அது. பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து ஈரத்துணி மாதிரி துவண்டு கிடக்கும். இன்றைக்குத் துடுப்புக் கட்டையாய் விறைத்துக்கொண்டு நின்றது. மற்றக் காலைத் தொட்டாள். அதுவும் சில்லென்றிருந்தது.

அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். போர்வை கழுத்து வரைக்கும் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டிருந்தது. கோவிந்தசாமி ஒருநாளும் போர்வையை அப்படி வைத்துக்கொண்டவர் இல்லை; நல்லாயிருந்த கையால் தள்ளித் தள்ளிக் கீழே போட்டுவிட்டு, குளிருகிறது என்று வீட்டையே திட்டுவார். தாடையைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தது. முடிச்சு உச்சந்தலையில் இருந்தது. குளிருக்குக் கட்டுகிறவர்கள் அங்கே முடிச்சுப் போடமாட்டார்கள். வாய் பிளந்துவிடக் கூடாது என்று செத்தவருக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

தினமும் அவள் உள்ளே நுழைந்ததும் கோணிய வாயால், "கடலு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அவளும் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நல்லா இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அண்ணி" என்றாள்.

கமலவேணி அடுப்பங்கரை வாசலிலேயே நின்றிருந்தாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். அண்ணன் கலியமூர்த்தியின் பெண்சாதி. பொழுது விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், 'செல்வாவ இன்னைக்கு வர வேணாம்னு சொல்லு, மாமனார நானே பாத்துக்கறேன்' என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். அண்ணிக்குத் திடீரென்று இத்தனை கரிசனமா என்று சிரித்துக்கொண்டேதான் செல்வாம்பாள் வந்திருந்தாள்.

"கத்திடாத செல்வா. ஒன்னக் கையெடுத்துக் கும்புடறேன். வெளிய யாருக்கும் கேக்கக் கூடாது."

"எப்ப?"

"கோழி கூவறதுக்கு முன்னாடி."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவருதான் தாடையக் கட்டுனாரு."

செல்வாம்பாள் அப்பாவின் காலை மெதுவாகப் பாயில் வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. 

கோழி கூவுவதற்கு முன்னால் அப்பா செத்திருக்கிறார். கோழி கூவிய பிறகு அண்ணன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாப்ள, அப்பாவுக்கு ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது. நான் பக்கத்துல இருக்கணும். இன்னைக்கு நீ லாஞ்ச எடுத்துக்கினு போ" என்று அவள் புருஷன் முருகையனிடம் சொன்னான். அவளும் அங்கேதான் நின்றாள். அப்பாவுக்கு என்ன என்று அவள் பதறியதற்கு, "தூங்கறாரும்மா. நீ வழக்கம்போல வந்தாப் போதும்" என்றான். செத்த அப்பனின் தாடையைக் கட்டிய கையால் அவள் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தான். நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னான்.

முருகையன் காலமெல்லாம் கட்டுமரத்தில் போனவன். மச்சான் இன்ஜின் வைத்த படகாக ஒரு லாஞ்சு வாங்கிய பிறகு அதில் வலை இழுக்கிற ஆளாகச் சேர்ந்தான். டிரைவர் இடத்தில் அவனை ஒருநாளும் கலியமூர்த்தி உட்கார விட்டதில்லை. இன்றைக்கு உட்காரச் சொன்னதும் அந்த மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பொங்கலுக்கு எடுத்த நீல டெரிலின் சட்டையை மாட்டிக்கொண்டான். கடலுக்கு எதற்குப் புதுச்சட்டை என்று அவள் கேட்டதற்கு, "டிரைவர்னா சட்டை போட வாணாமா?" என்றான். ஆனாலும் தொழில் தெரிந்தவன். வாசலில் நின்று வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"காத்து சுத்தமா நின்னு கெடக்குது மச்சான். ஐப்பசில இப்படி நிக்காதே. ரேடியோவுல ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல மாப்ள. நீ கெளம்பு."

அவள்தான் சோற்றுத் தூக்கை எடுத்துக் கொடுத்தாள். இதெல்லாம் நடந்து அரை வேளைகூட ஆகவில்லை.

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் ஆகிற வரைக்கும் எவனும் கடலில் தொழில் செய்யக் கூடாது. செத்தது ஊர்த் தலைவரான நாட்டாராக இருந்தாலும் சரி, நேற்றுப் பிறந்த குழந்தையாக இருந்தாலும் சரி. கடலுக்குப் போன பிறகு சாவு விழுந்தால், கரையில் ஒரு மூங்கிலை நட்டுச் செத்தவரின் துணியை அதன் உச்சியில் கட்டுவார்கள். அதைப் பார்த்தவன் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். திரும்பாதவனுக்குத் தண்டம். சாவை மறைத்தவனை ஊரே தள்ளி வைத்துவிடும். அவன் வீட்டுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது. ஆனால் சாவை மறைத்தவன் என்று ஒருவனும் அந்த ஊரில் இதுவரைக்கும் இருந்ததில்லை. பெற்ற அப்பனின் சாவை எவன் மறைப்பான்?

"ரேடியோவுல என்னா சொன்னான் அண்ணி?" என்று கேட்டாள் செல்வாம்பாள்.

கமலவேணி பரணில் இருந்த டிரான்சிஸ்டர் பெட்டியை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ரேடியோ இருந்த வீடு அது ஒன்றுதான். ராத்திரி சேதி கேட்டுவிட்டு ஊருக்குச் சொல்வது கலியமூர்த்தியின் பெருமைகளில் ஒன்று.

"சொல்லு அண்ணி."

"தாழ்வு மண்டலமாம். புயலா மாறுமாம். யாரும் கடலுக்குப் போவ வேணாம்னு ரெண்டு தரம் படிச்சான். இவரு பெட்டிய அணைச்சிட்டாரு."

செல்வாம்பாள் எழுந்து வெளியே நடந்தாள்.

கரையில் காற்று அசையவில்லை. கட்டுமரங்கள் கிடந்த இடமெல்லாம் வெறும் மணலாக இருந்தது; ஆம்பிளைகள் எல்லாரும் போயிருந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போலப் பளபளவென்று கிடந்தது. காற்றே இல்லாத கடலில் அலை மட்டும் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றும் ஒரு வீட்டு உயரத்துக்கு எழும்பி வந்து விழுந்தது. எங்கேயோ தூரத்தில் அடிக்கிற காற்று தள்ளிவிடுகிற அலை. குப்பத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். தென்கிழக்கே வானம் சட்டியின் அடிப்பக்கம் போலக் கறுத்திருந்தது.

கலியமூர்த்தி ஐஸ் வண்டிக்காரனோடு நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். இறால் வாங்குகிற கம்பெனி அனுப்பிய வண்டி. தங்கையைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு வண்டிக்காரன் காதில் விழும்படி, "என்னாம்மா, அப்பாவுக்குக் கஞ்சி குடுத்தியா?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்காகவே அவனைக் கல்லால் அடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"குடுத்தேன். வாயத் தொறக்கல" என்றாள்.

அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய தோணியின் மறைவுக்குப் போனான். அங்கே போனதும் குரல் தாழ்ந்து, கெஞ்சலாக மாறியது.

"மெதுவாப் பேசு செல்வா. லாஞ்சு இன்ஜின் ரிப்பேராகிக் கெடையாக் கெடந்துது. புது இன்ஜினு போட்டு இன்னைக்குத்தான் எறக்குனேன். இப்படி ஒரு எறா ஓட்டம் மறுபடி எப்ப வரும்? அப்பா போய்ட்டாரு. நாம என்னா பண்ணாலும் திரும்பி வரப்போறாரா? மத்தியானம் லாஞ்சு வந்துடும். வந்ததும் ஊரக் கூட்டிடலாம். மேளம் வெச்சு, பூப்பல்லக்குக் கட்டி, ஜம்முனு எடுப்போம். ஒரு குறை வெக்க மாட்டேன்."

"ரேடியோவுல சொன்னத ஏன் அவருகிட்ட சொல்லல?"

"அவன் தினமும்தான் சொல்றான். போன மாசம் சொன்னான், புயலு வந்துதா? நாகப்பட்டணம் பக்கமாப் போயிடும்."

"அப்ப நீ ஏன் போவல?"

அவன் பீடியை மணலில் போட்டு மிதித்தான்.

"செத்தவருகிட்ட ஒக்காந்துகினு என்னா பண்ண? விசிறி வீசுனியா? நீ ஏன் லாஞ்சுல போவலன்னு கேக்கறேன்."

"பெத்த புள்ள செல்வா. தீட்டோட போயி லாஞ்சுல கால் வெக்கலாமா? புது இன்ஜினு."

செல்வாம்பாள் அவனையே பார்த்தாள். இதைவிட அவன் பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஊர்க் கட்டுப்பாட்டில் தன் லாஞ்சுக்கும் தன் உயிருக்கும் ஆகிற பாதியை மட்டும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மற்றவர்களுக்கு ஆகிற பாதியைப் போர்வைக்குள் மூடி வைத்துவிட்டான். இந்தக் கணக்கை அப்பாவின் தாடையைக் கட்டிக்கொண்டே போட்டிருப்பான்.

"ஒனக்குத் தீட்டு. மருமவனுக்குத் தீட்டு இல்ல. ஊருல இருக்கற மத்த ஆம்பளைங்களுக்கும் இல்ல. அப்படித்தானே?"

"செல்வா..."

"சாவு விழுந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தக் கரைய உட்டு ஒரு மரம் எறங்கியிருக்காதுடா!"

அண்ணனை அவள் டா போட்டது அதுதான் முதல் தடவை. அவன் திடுக்கிட்டு நின்றபோது அவள் வீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

கொடியில் அப்பாவின் வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நேற்று அவளே துவைத்துப் போட்டது. அதை உருவினாள். வேலியோரம் சாத்தியிருந்த நீள மூங்கிலை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். மணலில் மண்டியிட்டுக் கையாலேயே பள்ளம் தோண்டினாள். கிளிஞ்சல் கிழித்து விரலில் இரத்தம் வந்தது. வேட்டியின் முனையை மூங்கிலில் சுற்றி, தனக்குத் தெரிந்த முடிச்சாகப் போட்டாள்.

கலியமூர்த்தி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம். சொன்னாக் கேளு. லாஞ்சு வரட்டும். இப்ப கட்டுனா எப்ப செத்தாருன்னு கேப்பாங்க. ஒடம்பத் தொட்டா தெரிஞ்சிடும். ஊரு என்னத் தள்ளி வெச்சிடும். அண்ணி தண்ணிக் கொடத்த எடுத்துக்கினு எங்க போவா?"

"கைய உடு."

"நான் ஒன் அண்ணன்டி."

"அவரு ஊடு வந்து சேரட்டும். அப்புறமா நீ எனக்கு அண்ணனா இல்லையான்னு பாப்போம். கைய உடு!"

அவன் விடவில்லை. மூங்கிலைப் பிடுங்கப் பார்த்தான். அவள் மணலில் அப்படியே உட்கார்ந்து, வாயில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயோ அப்பா! எங்கப்பா போய்ட்டாரே! எல்லாரும் வாங்களேன்!"

அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் அந்தக் கத்தலில் இல்லை. கடலில் இருக்கிற ஒருத்தன் காதில் விழ வேண்டும் என்று கத்தினாள். ஆனால் கேட்டவர்களுக்கு அது சாவுக் கத்தலாகத்தான் கேட்டது. குடிசைகளில் இருந்து பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். கலியமூர்த்தியின் கை தானாக விலகியது. மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றதும் அவனும் தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினான். அதையும் அவள் பார்த்தாள்.

நான்கு பெண்கள் சேர்ந்து மூங்கிலைத் தூக்கி நட்டார்கள். வேட்டி காற்றில்லாமல் தொங்கியது.

பிணத்தைக் குளிப்பாட்டச் சின்னப்பொண்ணு வந்தாள். ஊரில் எந்தச் சாவுக்கும் அவள்தான் முதலில் கை வைப்பாள். கோவிந்தசாமியின் கையை மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. கழுத்தின் கீழே தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கமலவேணியைப் பார்த்தாள்.

"இது இப்ப போன ஒடம்பு இல்லடி."

வீட்டில் ஒப்பாரி சட்டென்று நின்றது. அவரவர் வீட்டு ஆம்பிளை எத்தனை மணிக்கு எழுந்து, என்ன தின்றுவிட்டு, எந்த வலையை எடுத்துக்கொண்டு போனான் என்று அங்கிருந்த ஒவ்வொருத்தியும் நினைத்திருப்பாள். ஒவ்வொருத்தியாக எழுந்து கரைக்குப் போனார்கள். பிணத்தோடு கமலவேணி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

நாராயணசாமி நாட்டார் வந்தபோது காற்று தொடங்கியிருந்தது. முதலில் வாடையாகச் சின்னதாக வந்தது. அப்புறம் மணலை வாரி முகத்தில் எறிந்தது. தொங்கிக் கிடந்த வேட்டி படபடவென்று விரிந்தது. துறைமுகப் பாலத்துப் பக்கம் இருந்து சைக்கிளில் வந்த ஒருவன், "கம்பத்துல பெரிய புயல் கூண்டு ஏத்திட்டான்!" என்று கத்திக்கொண்டே போனான். கூண்டைப் பார்த்து இனிமேல் யார் கரைக்கு வருவது?

நாட்டார் கலியமூர்த்தியின் எதிரில் நின்றார். வயதானவர், வேகமாகப் பேசமாட்டார்.

"எப்ப உசுரு போச்சு?"

கலியமூர்த்தி மணலைப் பார்த்தான்.

"ஒன்னத்தான் கேக்கறேன்."

"விடியக்காலையில."

"மரமெல்லாம் எறங்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். "மொதல்ல கடல்ல இருக்கறவன் கரைக்கு வரட்டும். ஒன் கதைய அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மூங்கிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

வேட்டியைப் பார்த்தவர்கள் வந்தார்கள். முதல் கட்டுமரம் அலையின் முதுகில் ஏறி, தலைகுப்புற விழப் பார்த்து, தப்பி மணலில் மோதியது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தார்கள். அடுத்தது கவிழ்ந்து, வந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். செல்வாம்பாள் ஒவ்வொரு மரமாக ஓடி ஓடிப் போய், "லாஞ்சப் பாத்தீங்களா? லாஞ்சப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொருவரும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, எங்கே ஒன்று முடிந்து எங்கே ஒன்று தொடங்குகிறது என்று தெரியாமல் போனது.

கடைசியாக வந்தவன் சாமிக்கண்ணு. வலை போயிருந்தது, துடுப்பு ஒன்று போயிருந்தது, நெற்றி கிழிந்திருந்தது. அவன்தான் பார்த்திருந்தான்.

"கெழக்க ரொம்ப தூரம் போய்ட்டுது தங்கச்சி. எனக்குக் கரை தெரிஞ்சுது, வேட்டி தெரிஞ்சுது. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் தலத்துண்ட அவுத்து வீசி வீசிக் கூப்புட்டேன். முருகையன் எழுந்து நின்னு திருப்பிக் கைய ஆட்டுனான்."

"கைய ஆட்டுனாரா?"

"நீலச் சட்டை. நல்லாத் தெரிஞ்சுது. லாஞ்சு ஓட்டறத நான் பாத்துட்டேன்னு நெனச்சிக்கினான் போல. சிரிச்சிக்கினே கைய ஆட்டுனான்." சாமிக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு திரும்பி, கொஞ்ச தூரத்தில் நின்றிருந்த கலியமூர்த்தியிடம் போய், அவன் காலடியில் காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனான்.

புயல் அன்றைக்கு ராத்திரியெல்லாம் அடித்தது. குப்பத்தில் கூரை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பிணத்தை மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். மூங்கில் வில்லாக வளைந்தது, முறியவில்லை. செல்வாம்பாளைக் கோயிலுக்கு வரச் சொல்லி இழுத்தவர்கள் இழுத்து ஓய்ந்து போனார்கள். லாஞ்சில் கூடப் போயிருந்த இராமதாஸின் அம்மா அன்னக்கிளி மட்டும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் ஒரு கோணிப்பையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் வானம் ஒன்றுமே தெரியாததுபோல வெளுத்துக் கிடந்தது. கரையோரமாகத் தேடிப் போனவர்கள் தெற்கே போய்த் திரும்பினார்கள். வடக்கே கனகசெட்டிக்குளம் வரைக்கும் போனவர்களும் திரும்பினார்கள். பக்கத்து ஊர் லாஞ்சு ஒன்று கடலில் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. கடலூரில் ஒதுங்கியிருப்பார்கள் என்றார்கள். யாராவது காப்பாற்றியிருப்பார்கள் என்றார்கள். சொன்னவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கோவிந்தசாமியை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. பிள்ளை செய்த தப்புக்குப் பிணம் என்ன செய்யும் என்றார் நாட்டார், எடுக்கச் சொன்னார். ஆனால் ஊரார் யாரும் தோள் கொடுக்கவில்லை. முதலியார்பேட்டையில் இருந்து வந்திருந்த கமலவேணியின் பிறந்த வீட்டு ஆட்கள்தான் பாடையைத் தூக்கினார்கள். மேளம் இல்லை. பூப்பல்லக்கு இல்லை. ஈரம் சொட்டுகிற தென்னங்கீற்றில் கிடந்து, குழந்தைகள்கூட எட்டிப் பார்க்காத தெரு வழியாகப் போனார் அவர். ஊருக்கே தெரிந்த மனுஷன். ஒரு பீடிக்காக யார் வாசலிலும் உட்கார்ந்து மணிக்கணக்காகச் சண்டை போடக்கூடியவர். இப்படியா போவது என்று செல்வாம்பாளுக்கு ஆத்திரமாக வந்தது. வாய்க்கரிசி போடக் குனிந்தபோது தாடையில் அந்தத் துண்டு இன்னும் இருந்தது. அதை அவிழ்த்துவிட வேண்டும் போலிருந்தது. அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

கலியமூர்த்தி அழுதான். மொட்டையடித்த தலையோடு, தெரு நீளத்துக்கும் அழுதான். "என்ன உட்டுட்டுப் போய்ட்டியேப்பா" என்றான். யாருக்காக அழுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அவன் அழுவதைக் கேட்கக் கேட்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பெண்கள் திரும்புகிற இடத்தில் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவள் கரைக்குப் போனாள்.

குழியை மூடிவிட்டு ஆம்பிளைகள் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் மூங்கிலின் அடியில் உட்கார்ந்திருந்தாள். அன்னக்கிளியும், லாஞ்சில் போன இன்னொருவனின் பெண்சாதியும் கொஞ்சம் பின்னால் இருந்தார்கள். அடக்கம் முடிந்ததும் பிள்ளையானவன் வந்து வேட்டியை இறக்க வேண்டும். அது இறங்கினால்தான் ஊர் தொழிலுக்குப் போகலாம். இரண்டு நாளாக அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. கிழியாத வலை வைத்திருந்தவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"எறக்கிடு கலியமூர்த்தி" என்றார் நாட்டார்.

கலியமூர்த்தி ஈர வேட்டியோடு வந்தான். மூங்கிலைச் சாய்ப்பதற்காகக் கையை வைத்தான்.

"கைய எடு" என்றாள் செல்வாம்பாள்.

அவன் எடுத்தான்.

"அடக்கம் ஆயிடுச்சும்மா" என்றார் நாட்டார். "இதுதான் மொற."

"அப்பாவுக்கு ஆயிடுச்சு."

நாட்டார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சாவுக்கு மட்டுமா இதக் கட்டறோம்? கடல்ல இருக்கறவன் கரைக்குத் திரும்பணும்னுதானே கட்டறோம்?" அவள் குரல் உயரவில்லை. இரண்டு நாள் கத்தியதில் அவளுக்குக் குரலே போயிருந்தது. "இன்னும் ஆளு வரணும் நாட்டாரே."

பின்னால் நின்றிருந்தவர்களில் யாரோ இருமினார்கள். சாமிக்கண்ணு திரும்பி நடந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் தோளில் இருந்த வலையை மணலில் போட்டுவிட்டுப் போனான். நாட்டார் கடலை ஒருமுறை பார்த்தார், செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார். அவரும் போனார். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை.

கலியமூர்த்தி மட்டும் அங்கிருந்து நகரவில்லை. எங்கே போவான்? எந்த வீட்டில் அவனை உட்காரச் சொல்வார்கள்? மூங்கிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தான். அண்ணாந்து பார்த்தான். புயலில் வேட்டி பாதி கிழிந்து, அவள் போட்ட முடிச்சு நழுவி, மூங்கிலின் நடுப்பக்கத்துக்கு இறங்கியிருந்தது.

அவன் மூங்கிலைப் பிடுங்கிச் சாய்த்தான். அவள் சட்டென்று எழுந்தாள். அவன் வேட்டியை இறக்கவில்லை. பழைய முடிச்சை அவிழ்த்துவிட்டு, லாஞ்சைக் கட்டுகிற முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை தப்பாகப் போட்டு, மறுபடி அவிழ்த்துப் போட்டான்.

செல்வாம்பாள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு கிழக்கே பார்த்தாள்.

"அங்க இல்ல" என்றாள். "இன்னும் மேல கட்டு."